பஜ்ஜிக் கடைக்கு எதிர் வீடு

மருத்துவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, ஓர் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். ஒன்பதரை. கடந்த மூன்று மாதங்களின் சர்க்கரைச் சராசரி என்று விளக்கத் தொடங்கினார். சராசரி என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விழுப்புரத்துக் கல்லூரிகளில் நாற்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் நான். என் மனைவி இறந்து அப்போது ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. அவளுடைய தாள்களில் ஆண்டுக்கணக்கில் நான் பார்த்துப் பார்த்துக் கண்டித்த எண், இப்போது என் பெயருக்கு நேரே வந்து நின்றது. வியப்பாக இருந்தது என்று எழுத நினைக்கிறேன். எரிச்சலாக இருந்தது என்பதே உண்மை.

"உங்க பேரன்ட்ஸுக்கு இருந்துதா சார்?" என்று மருத்துவர் கேட்டார்.

"இல்லை."

"கூடப் பொறந்தவங்களுக்கு?"

"இல்லை. மனைவிக்கு இருந்தது."

"அது கணக்குல வராது சார். ரத்த சம்பந்தம் இருக்கிறவங்களைத்தான் கேக்குறேன்."

அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

பெங்களூரில் இருக்கும் என் மகளுக்குச் செய்தி அன்று மாலையே எட்டிவிட்டது. தாளைப் படமெடுத்து அனுப்பும்படி அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். படம் போன இரண்டாவது நிமிடத்தில் அழைத்தாள்.

"நைனா, மூணு மாசம் டைம் தர்றேன். எட்டுக்குக் கீழ வரணும். வரலைன்னா வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடணும்."

"நீ டாக்டர் இல்லை."

"நீங்களுந்தான் டாக்டர் இல்ல. அம்மாவ எவ்ளோ திட்டுனீங்க? இப்ப உங்களைத் திட்ட அங்க யாரு இருக்காங்க? அதான் நான் திட்றேன்."

ஒப்புக்கொண்டேன். பெங்களூரில் அவளுடைய பதினோராம் மாடி வீட்டில் எனக்கென ஓர் அறை இருக்கிறது. குறை சொல்ல ஏதுமில்லாத அறை. ஆயினும் செஞ்சியில் எங்கள் சமையலறையில் பதினேழு எவர்சில்வர் டப்பாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, 'து. பருப்பு', 'க. பருப்பு', 'வெந்தயம்' என்று என் மனைவி எழுதி வைத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் அவற்றைப் பார்க்கிறேன். இதற்கு மேல் காரணம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கு எட்டுக்குக் கீழ் ஓர் எண் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அந்த வீட்டை நாங்கள் வாங்கியது இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன். பேருந்து நிலையத்தின் பின் தெரு. காலை ஆறு நாற்பதுக்கு விழுப்புரம் புறப்படும் பேருந்தை, ஆறு முப்பத்தைந்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாலும் பிடித்துவிடலாம். தெருவைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமே இல்லை. எதிரே காலி மனை ஒன்று இருந்தது. அதில் ஒரு வேப்ப மரம். முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மரம் போய், அந்த இடத்தில் பாய் ஒருவர் டீக்கடை வைத்தார். காலையிலும் மாலையிலும் கடை வாசலில் எண்ணெய்ச் சட்டி ஏறும்; போண்டா, பஜ்ஜி. பிறகு டீக்கடைக்கு இடப்பக்கம் பேக்கரி. வலப்பக்கம் பரோட்டாக் கடை. தெருமுனையில் அரசு மதுக்கடை. மதுக்கடை வந்த பின், மதியத்துக்கு மேல் பெண்கள் அந்த முனையைக் கடப்பதில்லை. மறுமுனையில் காய்கறி லாரிகள் நிற்கும். சாக்கடைக்கு மேல் போட்ட பலகைக் கற்களில் மூன்றில் ஒன்று இல்லை. சிங்கவரத்திலிருந்து தலைச்சுமையாகக் கீரை கொண்டுவரும் பெண் ஒருத்தி இருந்தாள். இருசக்கர வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்ட பின், கூடையை இறக்கி வைக்க இடமில்லை என்று சொல்லி வருவதை நிறுத்திவிட்டாள். கீரை வாங்க வேண்டுமானால் ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். கிரீம் பன் வாங்க எட்டு அடி நடந்தால் போதும்.

இவையெல்லாம் ஒரு நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் 'வசதியாகப் போயிற்று' என்றே தெருவில் சொல்லிக்கொண்டோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. உடனே நான் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தேன். வீட்டில் சர்க்கரை டப்பா இருக்காது. எண்ணெய்ப் பண்டம் நுழையாது. அவள் தினமும் முப்பது நிமிடம் நடக்க வேண்டும். அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஞாயிறு காலைகளில் அந்தக் குறிப்பேட்டை நான் சரிபார்ப்பேன். எண்கள் இறங்கவில்லை. மாணவர்களின் விடைத்தாளைப் பார்க்கும் முகத்தோடு அவளைப் பார்ப்பேன் என்று பின்னாளில் மகள் சொன்னாள். நான் கத்தியதில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் அவளே சொன்னாள்.

"எனக்கு ஐம்பத்தைந்து வயசு. ஒரு மாத்திரை கிடையாது. ஒரே சோறு, ஒரே குழம்புதான் ரெண்டு பேரும் சாப்பிடறோம். வித்தியாசம் எங்க இருக்குது? கட்டுப்பாட்டுலதான் இருக்குது," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன்.

"ஆமாங்க," என்றாள். அவள் எப்போதும் ஆமாங்க என்றுதான் சொல்வாள்.

அவள் எதையும் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது. ஒரு முறை கேட்டாள். சிங்கவரம் குகைக் கோயிலுக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில், வயல்களுக்கு நடுவே புதிதாகக் கட்டிய ஓட்டு வீடு ஒன்றில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்குவதைக் கண்டாள். சாலையின் இருபுறமும் புளிய மரங்கள். அதற்கு அப்பால் வேர்க்கடலைக் கொல்லை.

"இங்க வந்துடலாமாங்க? இங்க நடக்கலாம்."

"பஸ் ஸ்டாண்டு எவ்ளோ தூரம் தெரியுமா? ஆறு நாப்பது பஸ்ஸுக்கு நான் அஞ்சு மணிக்குக் கெளம்பணும்."

"நடக்கறதுக்குத்தான் கேட்டேன்."

"நடக்கணும்னு நெனைக்கிறவங்க எங்கயும் நடப்பாங்க. இடமெல்லாம் ஒரு சாக்கு."

"ஆமாங்க," என்றாள்.

பிறகு சிறுநீரகங்கள் பழுதாயின. அதுவரை தனியார் கல்லூரி ஒன்றில் பணியைத் தொடர்ந்துகொண்டிருந்த நான், அதை விட்டேன். வாரம் மூன்று முறை புதுச்சேரிக்குப் போய் ரத்தச் சுத்திகரிப்பு, இரண்டு ஆண்டுகள். அதைப் பற்றி எழுத வேண்டியவை இருக்கின்றன. இங்கே எழுதப் போவதில்லை.

மகள் கொடுத்த மூன்று மாதங்களை நான் முறையாகவே தொடங்கினேன். குறிப்பேடு வாங்கினேன். நடைக்குத் துணை இருந்தால் தவறாது என்று கருதி, எங்கள் பகுதியில் விடியற்காலை நடக்கும் ஓய்வுபெற்றோர் குழுவில் சேர்ந்தேன். ஐவர். தெருவில் நடக்க இடமில்லாததால் திருவண்ணாமலை சாலையில் கோட்டை வரை போய்த் திரும்புவார்கள். முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன்: போகும்போது பேசிக்கொண்டு மெதுவாக நடந்தவர்கள், திரும்பும்போது வேகம் பிடித்தார்கள். இதயத்துக்கு நல்லது என்று மெச்சிக்கொண்டேன். எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் காரணம் தெரிந்தது. ஆறரைக்குப் பாய் கடையில் போண்டாவின் முதல் ஈடு இறங்கும்.

"வாங்க சார், வாங்க. இன்னைக்கி ஸ்பீடா நடந்துருக்கோம். ரெண்டு போண்டாவுக்கு எடம் இருக்குது," என்றார் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்.

"எனக்கு வேணாம்."

"இன்னா சார் இது? நீங்க ஒருத்தர் பாத்துக்குனு நின்னா எங்களுக்கு வயிறு வலிக்கும். பாய், சாருக்கு சட்னி இல்லாம ஒண்ணு குடு. சட்னிதான் சார் கெடுதி."

"போண்டா கெடுதி இல்லையா?"

"நடந்துட்டோம் இல்ல? அது இதுக்கு சரியாப் போச்சி."

ஐவரில் நால்வருக்குச் சர்க்கரை. திருமணம், வளைகாப்பு என்றால் காலையிலேயே ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டு, பந்தியில் ஜிலேபிக்கு முன்கூட்டியே நியாயம் செய்துவிடுவார்கள். இதை மறைவாகச் செய்வதில்லை. ஒருவருக்கொருவர் ஆலோசனையாகவே வழங்கிக்கொள்வார்கள். பரோட்டாக் கடைக்காரரோ, 'சுகர் உள்ளவர்களுக்கு ஸ்பெஷல் சப்பாத்தி' என்று பலகையே வைத்திருந்தார். சோறுதான் சர்க்கரை, சப்பாத்தி மருந்து என்பது எங்கள் தெருவின் அசையாத நம்பிக்கை. மருந்தை நான்காக, சேர்வாவில் ஊறவைத்து, மேலே ஆம்லெட்டோடு உட்கொள்வார்கள். அந்தப் பலகையின் தர்க்கத்தைக் கடைக்காரரிடம் ஒரு நாள் வினவினேன். "டாக்டருங்களே இங்கதான் சார் வாங்கினு போறாங்க," என்றார். அதற்குப் பின் வினவவில்லை.

தனியாகச் சமைப்பவனுக்கு இரவு ஏழு மணி எவ்வளவு நீளமானது என்பதை, சமைத்துப் பரிமாறப்பட்டே வாழ்ந்தவன் தாமதமாகத்தான் அறிகிறான். ஸ்பெஷல் சப்பாத்தியை நானும் வாங்கினேன். முதலில் இரண்டு.

இதில் பாயின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் மனைவி இறந்த நாளிலிருந்து அவர் காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எனக்கு டீ கொண்டுவந்து தருவார். கடையை விட்டுவிட்டு அவரே தெருவைக் கடந்து வருவார். வேண்டாம் என்று பலமுறை சொன்னேன்.

"அம்மா இருந்தா போட்டுக் குடுத்துருப்பாங்க இல்ல சார்?" என்பார்.

"சர்க்கரை இல்லாமயாவது கொண்டாங்க பாய்."

"கம்மியாத்தான் போட்டுருக்கேன் சார்."

குறைவு என்பதற்கு அவரிடம் ஓர் அளவு இருந்தது. அது மற்றவர்களுக்கு அவர் போடும் மூன்று கரண்டிக்குப் பதில் இரண்டரை. சர்க்கரையே இல்லாத டீயைத் துக்கம் நடந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதில் இருந்த அன்பை நான் மறுக்கவில்லை. அந்த அன்பு ஒரு நாளைக்கு ஐந்து கரண்டி என்பதையும் மறுக்க முடியவில்லை.

நான்கு மணி டீயோடு வாசனையும் வரும். கடலை மாவு எண்ணெயில் விழும் அந்த வாசனை கதவைச் சாத்தினாலும் சன்னல் வழியே வரும். சன்னலைச் சாத்தினால் சமையலறைப் புகைப்போக்கி வழியே வரும். இருபது ஆண்டுகள் நான் அந்த வாசனையைக் கடந்திருக்கிறேன் என்றுதான் எண்ணியிருந்தேன். உண்மையில், வேலைக்குப் போன நாட்களில் நான்கு மணிக்கு அந்தத் தெருவில் நான் இருந்ததே இல்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் என் மனைவியின் முதலாண்டுப் படையல் வந்தது. பரிசோதனைக்கு இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. இறந்தவர் விரும்பி உண்டவற்றை இலையில் வைத்துப் படைத்து, காக்கைக்கு வைத்த பின் வீட்டுக்குரியவர் அந்த இலையிலிருந்து முதலில் உண்ண வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சமையலுக்கு ஆள் வைத்து எலுமிச்சைச் சோறு, உளுந்து வடை, முருங்கைக்கீரைப் பொரியல், பருப்புப் பாயசம் ஆகியவற்றைச் செய்யச் சொல்லியிருந்தேன். இவையே அவளுக்குப் பிடித்தவை என்பது என் முப்பத்தொன்பது ஆண்டுத் திருமண வாழ்வின் முடிவு.

இலை போட்ட நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா பெரிய தட்டு ஒன்றை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைப்பவர். கணவர் இல்லை. என் மனைவியை அக்கா என்று அழைப்பார். தட்டைத் திறந்து என்னைக் கேட்காமலே இலையில் வைக்கத் தொடங்கினார். வாழைக்காய் பஜ்ஜி, மூன்று. கிரீம் பன், ஒன்று. தேங்காய் பிஸ்கட். ஒரு பாட்டில் பன்னீர் சோடா. அதன் மூடியைத் தட்டின் விளிம்பில் நெம்பித் திறந்து, இலை ஓரத்தில் நிறுத்தினார்.

"இதெல்லாம் இன்னா?" என்று கேட்டேன்.

"அக்காவுக்குப் பிடிச்சது சார்."

"அவ இதெல்லாம் சாப்பிட மாட்டா."

தையல்கார அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பஜ்ஜியை இலையில் நேராக வைத்தார்.

"பஜ்ஜி பாய் குடுத்தது சார். 'நம்ம கடை சாமான் படைக்கலாமா, கேட்டுச் சொல்லும்மா'ன்னாரு. அக்காவுக்கே வெக்கறதுக்கு யார கேக்கணும்னு நான்தான் வாங்கினு வந்துட்டேன்."

"எப்ப சாப்ட்டா?"

"நாலு மணிக்கு சார். நீங்க காலேஜுக்குப் போயிருப்பீங்க இல்ல? எங்க வீட்டுப் படியிலதான் ஒக்காருவோம். நானு, அக்கா, அப்பறம் மளிகைக் கடைக்காரம்மா. பேப்பர்ல பஜ்ஜிய வெச்சிக்குனு ஒரு மணி நேரம். பொம்பளைங்க நாங்க வேற எங்க சார் போறது? அந்தப் பக்கம் போனா குடிகாரன், இந்தப் பக்கம் போனா லாரி." அவர் சிரித்தார். "விழுப்புரம் பஸ்ஸு ஹாரன் கேட்டா அக்கா வாயத் தொடச்சிக்குனு எழுந்துருவாங்க. 'சார் வந்துட்டாருடி'ம்பாங்க. பஸ்ஸ வெச்சியே எங்க மீட்டிங் முடிஞ்சிடும்."

"நடக்கச் சொல்லியிருந்தேனே. தினம் அரை மணி நேரம்னு எழுதியிருக்காளே."

"எங்க சார் நடப்பாங்க? மொட்ட மாடில பத்து ரவுண்டு நடந்துட்டு, தல சுத்துதுடின்னு எறங்கி வந்துருவாங்க."

அவர் கற்பூரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே, என்னை ஆறுதல்படுத்த எண்ணியிருக்க வேண்டும், மேலும் சொன்னார்:

"உங்களப் பத்தி அக்காவுக்கு அவ்ளோ பெருமை சார். 'எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மாத்திரை கெடையாது பாரு, அவருக்குக் கட்டுப்பாடு ஜாஸ்தி, நம்மளுக்குத்தான் நாக்கு நீளம்'பாங்க."

கற்பூரம் ஏற்றினேன். காக்கை வந்து வடையை எடுத்துக்கொண்டு போனது. வழக்கப்படி இலையின் முன் அமர்ந்தேன். கிரீம் பன்னை எடுத்து உண்டேன். மூன்று பஜ்ஜிகளையும் உண்டேன். முருங்கைக்கீரையைத் தொட மனம் வரவில்லை.

ஐந்து நாள் கழித்து வந்த எண் ஒன்பது புள்ளி இரண்டு. அந்த ஒரு நாள் உணவால் சராசரி மாறாது என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதங்கள் நான் அந்தத் தெருவில் எழுந்து அந்தத் தெருவில் படுத்ததன் எண் அது. மகள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

அந்த ஐந்து நாட்களில் நான் யோசித்திருந்தவற்றை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன். கல்லூரி வளாக நுழைவாயிலிலிருந்து என் துறைக்குப் புங்க மர நிழலில் கால் மணி நேர நடை. துறை இரண்டாம் மாடியில், மின்தூக்கி கிடையாது. ஒரு நாளில் நான்கு முறை ஏறி இறங்குவேன். சிற்றுண்டிச் சாலை பதினொரு மணிக்கு மூடிவிடும். அதன் பின் உண்பதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு டிபன் டப்பா. அதில் கீரையும் சுண்டலும் வைத்து அனுப்பியவள் என் மனைவி. அந்தக் கீரையை வாங்க ஊரின் மறுகோடிக்குப் போய் வந்தவளும் அவளே. கல்லூரி வளாகங்களில் நாற்பது ஆண்டுகள் நடந்தவனையும், பஜ்ஜிக் கடைக்கு எதிரே இருபதாண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தவளையும் அருகருகே வைத்து, வித்தியாசம் மன உறுதியில் இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தேன். ஒப்பிடும் இரண்டு பொருள்களும் ஒரே சூழலில் இருந்தனவா என்று முதலில் பார் என்பது நான் முதலாமாண்டு மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். அதில் தவறியவர்களுக்கு மதிப்பெண் கொடுத்ததில்லை.

"இன்னும் மூணு மாசம் குடு," என்று மகளிடம் கேட்டேன்.

"இப்படித்தான் அம்மாவும் கேப்பாங்க."

"இந்த வீட்டுல இல்ல. சிங்கவரம் ரோட்டுல ஒரு வீடு பாக்கறேன். எட்டுக்குக் கீழ வரலைன்னா உன்கூட வந்துடறேன்."

"தெரு மாறினா சுகர் எறங்குமா நைனா?"

"தெரியாது. தெரிஞ்சிக்கணும்."

அவள் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மீண்டும் அலமாரியில் வைத்தாள்.

என் மனைவி காட்டிய ஓட்டு வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அதற்கு இரண்டு கொல்லை தள்ளி, இரண்டு அறைகள் கொண்ட வீடு ஒன்று கிடைத்தது. பழைய வீட்டைப் பூட்டினேன். டப்பாக்கள் பதினேழையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே நான் எந்த ஒழுங்கையும் வைத்துக்கொள்ளவில்லை, வேண்டுமென்றேதான். குறிப்பேடு இல்லை. சபதம் இல்லை. மாத்திரை அதே மாத்திரை. சோறே உண்டேன். சர்க்கரை டப்பாவும் இருந்தது. ஆனால் பால் எடுக்க மாட்டுக்காரர் வீடு வரை நடக்க வேண்டியிருந்தது. செய்தித்தாள் வாங்கப் பேருந்து நிறுத்தம் வரை நடக்க வேண்டியிருந்தது. மாலை நான்கு மணிக்கு வேர்க்கடலைக் கொல்லையின் மண் வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை. வேறு வேலையும் இல்லாததால் புளிய மரங்களின் கீழ் நடந்தேன். சைக்கிளில் ஊருக்குள் போகிறவர்கள், "இன்னா சார், வாக்கிங்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள், யாரும் எதையும் வாங்கித் தரவில்லை. ஒரு வாசலில் வேலிக்கு உள்ளேயே கீரை முளைத்திருந்தது. அந்த வீட்டுப் பெண் பறித்துக் கொடுத்துவிடுவாள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பஜ்ஜியை நான் நினைக்கவே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து மருத்துவர் மீண்டும் ஓர் எண்ணை வட்டமிட்டார். ஏழு புள்ளி ஒன்று.

அப்போது அறையில், மருத்துவரின் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் தையல்கார அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சர்க்கரை. இடது காலில் கட்டுப் போட்டிருந்தது. தையல் இயந்திரத்தின் மிதியில் பெருவிரல் உரசிப் புண்ணாகி ஆறவில்லை என்று வாசலில் காத்திருந்தபோது சொல்லியிருந்தார். செவிலி கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் என் தாளை அவர் பக்கம் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கம்மா. சாருக்கு அறுபத்தெட்டு வயசு. மூணே மாசத்துல எங்கருந்து எங்க வந்துருக்காரு பாருங்க. இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு. மனசு வெச்சா முடியும். உங்களுக்கு மட்டும் ஏன் முடியல?"

"ஆமா டாக்டர்," என்றார் தையல்கார அம்மா.

அந்தத் தொனியை நான் அறிவேன். என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட தொனி.

"டாக்டர், நான் மனசு வெக்கல. வீடு மாத்தினேன். அவ்வளவுதான்."

மருத்துவர் சிரித்தார். "சாருக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி."

"தன்னடக்கம் இல்லை. இந்த அம்மா இருக்கிற தெருவுல இருந்தவரைக்கும் எனக்கும் ஒன்பதுக்கு மேலதான். நீங்களே எழுதியிருக்கீங்க, பாருங்க."

என் குரல் சற்று உயர்ந்திருக்க வேண்டும். செவிலி நிமிர்ந்து பார்த்தாள். மருத்துவர் தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். "சரிங்க சார், இதையே மெயின்டைன் பண்ணுங்க," என்று அடுத்த சீட்டை எடுத்தார்.

வெளியே வந்து, தையல்கார அம்மாவுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். ஏறும்போது கால் வலியில் முகம் சுளித்தார்.

"சிங்கவரம் ரோட்டுப் பக்கம் நீங்களும் ஒரு வீடு பாக்கலாம்," என்றேன். சொல்லும்போதே அதன் அபத்தம் எனக்குத் தெரிந்தது.

"எங்க சார்? மிஷினு அங்க இருக்குது. ரவிக்க தைக்கக் குடுக்கறவங்க பஸ்ஸ விட்டு எறங்குனதும் எங்க வீடுன்னுதானே வராங்க? கொல்லைல போயி ஒக்காந்தா யாரு வருவாங்க?" ஆட்டோவுக்குள் காலை இழுத்து வைத்துக்கொண்டார். "படியில இப்ப நானும் மளிகைக்காரம்மாவும்தான் சார் ஒக்காருறோம். பஜ்ஜிய ரெண்டா கொறச்சிட்டேன்."

"நல்லது," என்றேன்.

மருத்துவமனையிலிருந்து சிங்கவரம் சாலைக்குப் போக எங்கள் பழைய தெருவைக் கடந்துதான் ஆக வேண்டும். மணி நான்கு. எண்ணெய்ச் சட்டி ஏறியிருந்தது. பூட்டிய வீட்டின் வாசலில் யாரோ இருசக்கர வண்டியை நிறுத்தியிருந்தார்கள். பாய் என்னைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்தார்.

"சார்! ரிசல்ட்டு வந்துச்சா?"

"எறங்கிடுச்சி பாய். ஏழு."

"அல்லாவே!" அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், உண்மையான மகிழ்ச்சி அது. "அப்ப ஒரு டீ சாப்பிட்டுத்தான் போகணும் சார். சந்தோஷத்துக்கு."

"சர்க்கரை இல்லாம."

"கம்மியாப் போடறேன் சார்."

வாதிட எனக்குத் தெம்பில்லை. கடை வாசலில் நின்று, பூட்டிய என் வீட்டைப் பார்த்தபடி குடித்தேன். இரண்டரைக் கரண்டிதான். எதிர்ப்படியில் ஆட்டோவிலிருந்து இறங்கிய தையல்கார அம்மா, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, மளிகைக்காரம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பாய் செய்தித்தாளில் நான்கு பஜ்ஜிகளை மடித்து அந்தப் பக்கம் எடுத்துச் சென்றார். நான் தம்ளரை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

கடலை மாவு வாசனை சிங்கவரம் சாலைத் திருப்பம் வரை என்னுடன் வந்தது. அதற்கு அப்பால் இல்லை. திருப்பத்திலிருந்து என் வீடு வரை புளிய மரங்களின் கீழ் நாற்பது நிமிட நடை. அந்த நடையைத்தான் அவள் கேட்டாள்.